எடுத்துவரும் நாய்: குட்டியைப் பழக்கும் பாடம்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று மீண்டும் தொழிலைத் தொடங்கும்போது ஆடு, கோழி, தாராவுடன் ஒரு நாய்க்குட்டியும் வந்து சேர்கிறது. ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறோம், கோழிக்குக் கூடு கட்டுகிறோம். குட்டியையோ கட்டிப்போடுகிறோம், பிழை செய்தால் அடிக்கிறோம். நீர்ப்பறவை வேட்டைக்குக் குட்டிகளைப் பழக்கும் பிறநாட்டாரின் முறையில் நாம் கற்க வேண்டியவை உண்டு.

எந்த நாய்?

இவ்வேலைக்குப் பெயர் பெற்றது லாப்ரடோர். இதன் மூதாதைகள் கனடாவின் நியூபவுண்லாந்துத் தீவு மீனவர்களுக்கு உதவிய நாய்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1903இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றன. சுடப்பட்டு நாணலுக்குள் விழுந்த வாத்தைத் தேடிச் சிதைக்காமல் கொண்டுவருவதே இவற்றின் வேலை. இதனால் காயப்பட்ட பறவை வீணே கிடந்து துன்பப்படாது.

பழக்கும் படிகள்

1. ஏறக்குறைய 8 வாரத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். முதலில் அது தன் பெயரையும் 'வா', 'இரு' என்பவற்றையும் கற்கும்.

2. ஒடுங்கிய விறாந்தையில் சுருட்டிய காலுறையை எறிவார்கள். குட்டி எடுத்துக்கொண்டு ஓட வேறு வழியில்லை, எறிந்தவரிடமே திரும்பும். இரண்டு மூன்று தடவை போதும். ஆசை தீருமுன் நிறுத்த வேண்டும்.

3. வாயிலிருந்து பறித்திழுக்கக் கூடாது. இழுத்தால் இறுகக் கடிக்கப் பழகும். 4 முதல் 6 மாதம் வரை பல் மாறும் காலம். வாய் நோகும்போது இப்பயிற்சியை நிறுத்திவைப்பார்கள்.

4. தண்ணீருக்குள் தூக்கி எறியக் கூடாது. வெதுவெதுப்பான, ஆழமற்ற கரையில் பழக்குபவர் முதலில் இறங்க, குட்டி பின்னால் வரும்.

வெடிச் சத்தம்

மிகவும் கவனம் வேண்டியது இதுவே. குட்டி மகிழ்ச்சியாக எறிபொருளைத் துரத்தும்போது, வெகு தொலைவில் ஒருவர் சிறு சத்தம் எழுப்புவார். குட்டி பொருட்படுத்தாவிட்டால் மட்டுமே, நாட்கணக்கில், சிறிது சிறிதாகக் கிட்ட வருவார். காதருகே திடீரென வெடித்தால் அந்தப் பயம் ஆயுள் முழுவதும் நிற்கலாம்.

நாமும் இதில் தவறியிருக்கிறோம். எமது பண்ணையில் வளர்ந்த குட்டிக்கு அருகில் சிறுவர்கள் சீனவெடி கொளுத்தியபோது சிரித்துக்கொண்டு நின்றோம். அதன்பின் கதவு அடித்தாலும் அது கட்டிலுக்கடியில் ஒளிந்தது. ஷெல் சத்தத்தில் பதுங்கி வாழ்ந்த எமக்கு, அதன் நடுக்கம் விளங்கியிருக்க வேண்டும். அடித்தோ இழுத்தோ அப்பயத்தைப் போக்க முடியவில்லை. ஒரு பாட்டி தினமும் அருகில் இருந்து சோறு வைத்தார். பல மாதங்களின் பின்னரே வெளியே வந்தது.

எமது முற்றத்தில்

எமது நாட்டில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளைப் பாதுகாக்கிறது. ஆகவே வேட்டைக்கு அல்ல, வளர்ப்புப் பறவைகளைக் காக்கவே குட்டியைப் பழக்குவோம். கயிற்றில் பிடித்தபடி தாராக்களின் அருகே இருத்துங்கள். அமைதியாக இருந்தால் தடவிக்கொடுங்கள். துரத்த ஒருமுறையும் இடம் கொடாதீர்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவியுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. எமது வீட்டு நாய் எங்கள் குரலுக்கு வருகிறதா, தடிக்குப் பயந்து வருகிறதா?

2. சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளைகள் எம்மிடையே உண்டா? அவர்களை அதட்டுகிறோமா, அருகில் இருக்கிறோமா?