படக்கதையில் ஒலிக்குறிப்பு

சில ஆண்டுகளுக்கு முன்னர், மயிலாப்பூர் லஸ் முனை நடைபாதைப் பழைய புத்தகக் கடையொன்றில் ஜப்பானியப் படக்கதையொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு நமக்குக் கிடைத்தது. கெய்ஜி நகாசாவா 1973இல் வரையத் தொடங்கிய அக்கதையின் பெயரை 'வெறுங்கால் கென்' எனத் தமிழாக்கலாம். 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் ஆறு வயதுச் சிறுவனாக இருந்து உயிர் தப்பியவர் அவர். படத்தினுள் ஓவியமாகவே தீட்டப்பட்டுள்ள ஓசைகளைத் தமிழில் எங்ஙனம் பெயர்ப்பது என்னும் வினா அந்நூலைப் புரட்டுகையில் எழுந்தது.

1972இல் தோன்றிய முத்து காமிக்ஸ் முதலாக நம் படக்கதைகளில் துப்பாக்கி 'டுமீல்' என்றும் குத்து 'கும்' என்றும் ஒலித்து வருகின்றன. ஓசைக்கு ஓசை வைத்தல் எளிது. ஜப்பானிய நாய் 'வன் வன்' என்றால் நம் நாய் 'லொள் லொள்' என்னும். ஆயின் ஜப்பானியர், செவிக்கு எட்டாதவற்றையும் இவ்வாறே எழுதுவர். 'கிரா கிரா' மின்னுதல். 'நிகோ நிகோ' புன்முறுவல். 'ஷீன்' என்பதோ பேரமைதி!

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. உரிச்சொல் இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றின்கண் தோன்றும் என்றார் தொல்காப்பியர். இரட்டைக்கிளவி பிரிந்து நில்லாது என்பதும் அவர் கூற்றே. 'சலசல' செவிக்குரியது, 'பளபள' கண்ணுக்குரியது. ஆதலின் 'கிரா கிரா'வுக்கு 'மினுமினு' இயல்பாய் அமைகின்றது. 'நிகோ நிகோ'வுக்குக் 'கலகல' பொருந்தாது. அது வாய்விட்டுச் சிரிப்பது. அவ்விடத்துச் சொல்லே வேண்டா, வரைந்த முகமே போதும் என்பது நம் கருத்து. (இவ்வொப்புமை கொண்டு, சுசுமு ஓனோ கூறிய தமிழ் – ஜப்பானிய உறவை நிறுவ முற்படுதல் கூடாது. மொழியியலார் பலர் அதனை ஏற்கவில்லை.)

அணுகுண்டை ஹிரோஷிமா மக்கள் 'பிகாதோன்' என்றனர். 'பிகா' கண்ணைப் பறித்த ஒளி. 'தோன்' தொடர்ந்த பேரொலி. இரு ஒலிக்குறிப்புகளே ஒரு பேரழிவின் பெயராயின. குண்டு விழுந்த இடத்திற்கு அண்மையில் இருந்து பிழைத்தோருள் பலர், ஒலி எதனையும் கேட்டதாக நினைவுகூரவில்லை. அவர்களுக்கு அது வெறும் 'பிகா'.

வகுப்பில் இச்சொல்லைப் பெயர்க்கச் சொன்னோம். 'பளீர்', 'டமார்' என்று பலரும் எழுதினர். 'பளீர்' தகும். 'டமார்' என்று படித்ததும் பின்வரிசையில் சிரிப்பெழுந்தது. தியாகராய நகரின் தீபாவளி வெடிகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பானை உடைந்தாலும் 'டமார்'தான். ஒரு மாணவி மட்டும் 'பளீர்' என எழுதி, அடுத்த கட்டத்தை வெற்றிடமாக விட்டிருந்தார். காரணம் வினவினோம். "பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்றீர்களே, ஐயா" என்றார்.

தொலைவில் இருந்தோர் கேட்டனரே என்றோம். அவர்கள் வரும் கட்டத்தில் 'தோன்' என்பதை அப்படியே தமிழெழுத்தில் பெரிதாக வரைந்து, ஓரத்தில் சிறிய எழுத்தில் பொருள் தரலாம் என முடிவாயிற்று. அந்த வெற்றுக் கட்டத்தை நாம் திருத்தவில்லை.