எண்ணைத் துரத்தாதே, மீனைப் பார்

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. மீன்தொட்டியில் காலை ஆறு மணிக்கு பிஎச் 7.4, சாயங்காலம் 8.0 என்று எழுதியிருந்தாய். தண்ணீரின் சூடும் 28 டிகிரியிலிருந்து 31 ஆகியிருக்கிறது. வெயில்தான் பிஎச்சை ஏற்றுகிறதா, பிஎச் குறைக்கும் மருந்தை ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். ஊற்றாதே. காரணம் சொல்கிறேன்.

சூடு நேரடியாக பிஎச்சை மாற்றுவது மிகக் கொஞ்சம். சுத்தமான தண்ணீரின் நடுநிலை 25 டிகிரியில் 7.0, 30 டிகிரியில் 6.92. எண் இறங்கினாலும் தண்ணீர் அமிலமாகிவிடவில்லை. நடுநிலைக்கோடே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உன் தொட்டியில் 0.6 ஏறியதற்கு முக்கியக் காரணம் செடிகள். பகல் வெளிச்சத்தில் அவை தண்ணீரிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கின்றன. சூடேறிய தண்ணீரும் அந்த வாயுவைக் குறைவாகவே பிடித்துவைக்கும். தண்ணீரில் கரைந்து அமிலமாக இருப்பது அந்த வாயுதான். அது குறையக் குறைய பிஎச் ஏறும். இரவில் மீனும் செடியும் விடும் மூச்சில் வாயு மறுபடி சேர, விடியற்காலையில் இறங்கும். செடி வளரும் தொட்டியில் இது அன்றாடம் நடப்பது.

நானும் ஒரு சித்திரை வெயிலில் இந்த ஏற்றத்தைப் பார்த்து பயந்து அமிலச் சொட்டு ஊற்றினேன். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அமிலம் அதோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக மாறியது, பிஎச் இறங்கியது. அந்த வாயு காற்றில் கலந்ததும் மறுபடி ஏறியது. மறுபடி ஊற்றினேன். இரண்டு நாள் மீன்களை இப்படி மேலும் கீழுமாக அலைக்கழித்தேன். மூன்றாம் நாள் காலை இரண்டு பொன்மீன்கள் மிதந்தன. அந்தத் தவறை நீ செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வெயில்காலத்தில் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, மூச்சு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்கோ கூடுதல் ஆக்சிஜன் தேவை. மற்றொன்று அம்மோனியா. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் வரும் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் கடும் விஷம். பிஎச் 8 இருக்கும்போது அந்தப் பகுதி 20 டிகிரியில் ஏறத்தாழ 4 சதவீதம். 30 டிகிரியில் ஏழரை சதவீதம். பிஎச் 7 என்றால் 30 டிகிரியிலும் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். சூடும் பிஎச்சும் கைகோத்து மீனைத் தாக்குவது இங்கேதான்.

அதனால் அம்மோனியா சேரவிடாமல் பார்த்துக்கொள். தீனியைப் பாதியாகக் குறை. ஏர் பம்பை இரவிலும் நிறுத்தாதே. செடிகளும் அப்போது ஆக்சிஜனைத்தான் எடுக்கும். தொட்டி மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வை. தண்ணீர் ஆவியாகிச் சூடு இரண்டு டிகிரி வரை இறங்கும். ஐஸைக் கொட்டாதே. மாற்றும் தண்ணீரை விடியற்காலையில் பிடி; மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது கொதிக்கும். ஒரு தடவைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதே. மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரினை முதலில் நீக்கு.

பிஎச்சை தினமும் ஒரே நேரத்தில் பார். பக்கத்தில் சூட்டையும் குறித்துவை. நேரமும் சூடும் இல்லாத எண் உனக்கு எதையும் சொல்லாது. காலைக்குக் காலை எண் ஒன்றுபோலிருந்து, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடாமல், தீனிக்கு ஓடி வந்தால், உன் தண்ணீர் நன்றாக இருக்கிறது. அந்த மருந்துப் புட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் பெரியப்பா