தோற்றே பழகிய அணியைக் கையில் எடுப்பவருக்கு

புதிதாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால், கோப்பைகளைப் பற்றி நான் பேசுவதில்லை. 1989-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 11 ஆட்டங்கள் ஆடி 10-ஐத் தோற்ற ஒருவரைப் பற்றிச் சொல்வேன். பெயர் பில் ஸ்னைடர். கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக அது அவருடைய முதல் சீசன். கடைசியாக 2018-இல் அவர் விடைபெற்றபோது வெற்றிக் கணக்கு 215. விளையாட்டரங்கின் பெயரே அவர் குடும்பப் பெயராகியிருந்தது.

இந்த ஆட்டம் நாம் பார்த்துப் பழகிய கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும், நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். கல்லூரி அணிக்கு வழக்கமான சீசனில் ஒரு டஜன் ஆட்டம்தான். அதனால் ஒவ்வொரு தோல்வியும் ஒரு வாரம் முழுக்க ஊர் வாயில் அரைபடும். ஆட்கள் சேர்ப்பு, அவர்களுடைய படிப்பு, ஒழுக்கம், உடல்நலம், ஆட்டத் திட்டம் எல்லாமே தலைமைப் பயிற்சியாளரின் பொறுப்பு. அந்த நாற்காலியில் உட்காரப் போகிற உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தவை இவை.

1. கையெழுத்துப் போடும் முன் பழைய கணக்கைப் படியுங்கள்.
ஸ்னைடர் வந்தபோது அந்த அணி தொடர்ந்து 27 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூடப் பெறவில்லை: 26 தோல்வி, 1 சமன். முதல்நிலைப் பிரிவில் மொத்தம் 500 தோல்விகளை முதலில் எட்டிய அணி என்ற பெயரும் அதற்குத்தான். சீசன் முடிந்ததும் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டத்தை அங்கே ‘பௌல்’ என்பார்கள். அதற்கு அந்த அணி தன் வரலாற்றில் ஒரே ஒருமுறை, 1982-இல்தான் போயிருந்தது. ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் 1989-இல் அதன் தோல்விச் சரித்திரத்தை ஒரு நீண்ட கட்டுரையாகவே எழுதிவிட்டது. உங்களிடமும் நிர்வாகம், “போனவர் சரியில்லை, அவ்வளவுதான்” என்று சொல்லும். நம்பிவிடாதீர்கள். ஆள் மாறியும் முடிவு மாறவில்லை என்றால், நோய் ஆளிடம் இல்லை. பணம் எங்கே குறைகிறது, மாணவர்கள் ஏன் பாதியில் விலகுகிறார்கள், பயிற்சிக் கூடம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பின்னால் நிற்பவர் எத்தனை நாள் நிற்பார் என்று பாருங்கள்.
ஜான் வெஃபால்ட் 1986 முதல் 2009 வரை அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். இப்படியே தோற்றுக்கொண்டிருந்தால் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் மோதும் ‘பிக் எய்ட்’ கூட்டமைப்பிலிருந்து வெளியேற நேரிடும் என்ற பேச்சு அப்போது இருந்தது. ஃபுட்பால் எழுந்து நின்றாக வேண்டும் என்ற தேவை பயிற்சியாளருக்கு இருந்த அளவுக்கு அவருக்கும் இருந்தது. ஒரு பயிற்சியாளருக்கு இதைவிடப் பெரிய பக்கபலம் இல்லை. மேலிடம் புகழ்ந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கேட்டு வாங்க வேண்டியது அவகாசத்தை.

3. ஒருமுறையாவது இன்னொருவர் கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.
ஸ்னைடர் தலைமைக்கு வந்தபோது வயது 49. அதற்கு முன் பள்ளிகளிலும் சிறிய கல்லூரியிலும் பயிற்சி தந்தவர், பிறகு ஹேடன் ஃப்ரை என்பவரின் கீழ் முதலில் நார்த் டெக்சாஸிலும் 1979 முதல் ஐயோவா பல்கலைக்கழகத்திலும் உதவியாளராக இருந்தார். 1961-க்குப் பிறகு தோல்வியைவிட வெற்றி அதிகமான சீசன் ஒன்றைக்கூடக் காணாத அணி ஐயோவா. ஃப்ரையின் முதல் இரண்டு ஆண்டுகளும் அப்படித்தான் போயின. மூன்றாம் ஆண்டான 1981-இல் அந்த அணி ‘ரோஸ் பௌல்’ வரை போனது. மூன்றாம் ஆண்டில் பலிப்பதற்கு முதல் ஆண்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஸ்னைடர் கண்ணால் பார்த்தவர். கான்சஸில் அவர் பதறாமல் இருந்ததற்கு இதுவே காரணம் என்பேன். சீக்கிரம் தலைவராக வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கும் இருக்கும், தவறில்லை. ஆனால் உதவியாளராக இருக்கும் வருடங்களைக் காத்திருப்பு என்று நினைக்காதீர்கள்.

4. முதலில் கையில் இருக்கிற பிள்ளைகளோடு வேலை செய்யுங்கள்.
அப்போது ஓர் அணி 95 பேருக்கு உதவித்தொகை தரலாம். ஸ்னைடருக்குக் கிடைத்தவர்கள் அதில் ஏறத்தாழ பாதிப் பேர்தான். தோற்றுத் தோற்றுத் தலை குனிந்து நடந்த பையன்கள் அவர்கள். புதுப் பயிற்சியாளர்கள் பலர் இப்படிப்பட்டவர்களைப் பார்த்ததும் “இவர்கள் என் ஆட்கள் இல்லை” என்று மனதுக்குள் ஒதுக்கிவிடுகிறார்கள். அதைப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த ஆண்டின் ஒரே வெற்றியைக் கொண்டுவந்த பந்தை எறிந்த கார்ல் ஸ்ட்ரா, ஸ்னைடர் வருவதற்கு முன்பே அணியில் இருந்தவர். வரப்போகிற நல்ல ஆட்டக்காரனுக்கும் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று சொல்லப் போகிறவர்கள், இப்போது இருக்கிற இந்தப் பிள்ளைகள்தான்.

5. வெளித்தோற்றத்தை மாற்றலாம், ஆனால் அத்தோடு நின்றுவிடக் கூடாது.
ஐயோவாவில் ஃப்ரை வந்தவுடன் சீருடையையும் சின்னத்தையும் மாற்றினார். ஸ்னைடரும் 1989-இல் அதையே செய்தார். உள்ளூர் ஓவியர் ஒருவர் வரைந்த ‘பவர்கேட்’ என்னும் காட்டுப்பூனை முகம் அன்று தலைக்கவசத்தில் ஏறியது, இன்றும் அதுதான் அணியின் அடையாளம். பழைய சட்டையோடு பழைய தோல்வியும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். சட்டை மாறியது, ஆனால் பயிற்சி நேரம் மாறவில்லை என்றால், இரண்டு வாரத்தில் ஊர் சிரித்துவிடும்.

6. முதல் சீசனில் எதை எண்ணுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.
ஸ்னைடர் தன் ஆட்டக்காரர்களுக்கு வைத்தவை 16 குறிக்கோள்கள். அர்ப்பணிப்பு, தன்னலமின்மை, ஒற்றுமை, ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது மேம்படுவது என்று அந்தப் பட்டியல் தொடங்குகிறது. வெற்றியை எதிர்பார்ப்பது பட்டியலின் பின்பாதியில்தான் வருகிறது. இந்த வரிசையை நன்றாகக் கவனியுங்கள். வெற்றி எதிராளியின் பலத்தையும் பொறுத்தது. நேரத்துக்கு வருவது, தவறான நகர்வால் அபராதம் வாங்காதது, பந்தைக் கை நழுவ விடாதது மூன்றும் நம் கையில் இருப்பவை. தோற்ற அணிக்கு முதலில் வேண்டியது, தன்னால் ஒன்றைச் செய்து முடிக்க முடியும் என்ற சான்று. ஒவ்வொரு வாரமும் அதை எண்ணி, எழுதி, உடைமாற்றும் அறையில் ஒட்டுங்கள்.

7. சின்ன வெற்றியைச் சின்னது என்று தள்ளாதீர்கள்.
1989-இல் முதல் மூன்று ஆட்டமும் போயின. வெற்றியில்லாத வரிசை 30 ஆனது. செப்டம்பர் 30 அன்று நார்த் டெக்சாஸோடு ஆட்டம். கடைசி நொடியில் ஸ்ட்ரா எறிந்த பந்தை ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் எல்லைக் கோட்டுக்குள் பிடித்தார். 20-க்கு 17. எதிரணி ஒன்றும் ஜாம்பவான் இல்லை. அடுத்த ஏழு ஆட்டமும் தோல்வி. ஆனால் வெல்வது எப்படி இருக்கும் என்று அறியாத பிள்ளைகள் அன்று அதை அறிந்தார்கள். அதன்பின் ஆண்டு வாரியாக 5, 7, 5, 9 என்று வெற்றிகள் வந்தன. நடுவில் ஏழு மறுபடி ஐந்தாகச் சறுக்கியதைக் கவனித்தீர்களா? நான்காம் ஆண்டில் சறுக்கியவரை நிர்வாகம் அனுப்பியிருந்தால், ஐந்தாம் ஆண்டில் கிடைத்த முதல் பௌல் வெற்றி கிடைத்திருக்காது. 1993 தொடங்கி 2003 வரை வரிசையாகப் பதினொரு ஆண்டுகள் அந்த அணி பௌல் ஆடியது.

8. ஆட்ட அட்டவணையும் ஒரு பயிற்சிக் கருவிதான். ஆனால் அதற்கு விலை உண்டு.
கூட்டமைப்புக்கு வெளியே யாரோடு மோதுவது என்பதைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். ஸ்னைடரின் அணி எளிய எதிரிகளைத் தேர்ந்தெடுத்துத் தன்னம்பிக்கையை வளர்த்தது. விமரிசகர்கள் கேலி செய்தார்கள். ஏணியில் முதல் படி கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் பாருங்கள்: 1998-இல் அந்த அணி 11 ஆட்டங்களையும் வென்று, 1968-க்குப் பிறகு முதல்முறையாக நெப்ராஸ்காவையும் சாய்த்தது. பிறகு கூட்டமைப்பு இறுதியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் இரண்டு கூடுதல் ஆட்டநேரம் போய் 36-33 என்று தோற்றது. அந்த ஒரு தோல்வியோடு பெரிய பௌல் எதுவும் அவர்களை அழைக்கவில்லை. எளிய அட்டவணையும் அப்போது ஒரு குறையாகவே பேசப்பட்டது. முதல் ஆண்டில் எளிய எதிரி உதவுவார். கோப்பைக்கு அருகில் வந்ததும் அட்டவணையை மாற்றிவிடுங்கள்.

9. ஆட்களை மற்றவர் தேடாத இடத்தில் தேடுங்கள்.
புகழ்பெற்ற பள்ளி மாணவன் தோற்ற அணிக்கு வர மாட்டான். ஸ்னைடர் இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரிகளான ஜூனியர் காலேஜ்களைத் தேடிப் போனார். 1998-இல், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுக்கு இரண்டாம் இடம் பெற்ற மைக்கேல் பிஷப் அப்படி டெக்சாஸின் பிளின் கல்லூரியிலிருந்து வந்தவர். இன்றைக்கு வழி இன்னும் அகலம். ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வழியாக மாணவர்கள் எளிதாக வேறு பல்கலைக்கழகம் மாறலாம். 2024 சீசனுக்காகக் கர்ட் சிக்னெட்டி இண்டியானாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது, தன் பழைய அணியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு கூட்டத்தையே அழைத்து வந்தார். முந்தைய ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி. அவர் முதல் சீசனில் 11 வெற்றி, 2 தோல்வி. இதைக் காட்டி “ஒரே வருடத்தில் நீயும் செய்” என்று உங்களிடம் கேட்பார்கள். அவர்களுக்கு மீதிக் கதையையும் சொல்லுங்கள். 2007-இல் அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனின் முதல் சீசனில் சிக்னெட்டி உதவியாளர். அந்த ஆண்டு லூயிசியானா-மன்ரோ என்ற சிறிய அணியிடம் சொந்த மைதானத்திலேயே 21-14 என்று தோற்றார்கள். இரண்டே ஆண்டில் அதே சேபன் 14-க்கு 14 வென்று தேசியப் பட்டம் எடுத்தார். பெரிய அணியின் உதவியாளர் பதவியை விட்டுவிட்டு, 2011-இல் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார் சிக்னெட்டி. இண்டியானா அழைத்தபோது அவருக்கு வயது 62. அந்த ஒரு வருட அதிசயத்துக்குப் பின்னால் அத்தனை வருட உழைப்பு இருக்கிறது.

10. உங்களைவிடக் கெட்டிக்கார உதவியாளர்களை வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் போகும்போது வாழ்த்தி அனுப்புங்கள்.
ஸ்னைடரிடம் வேலை பார்த்த பாப் ஸ்டூப்ஸ், பின்னாளில் ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளராகி, 2000-இல் ஒரே சீசனில் ஸ்னைடர் அணியை இரண்டுமுறை வென்று தேசியப் பட்டமும் பெற்றார். 2003 கூட்டமைப்பு இறுதியில், முதலிடத்தில் தோல்வியே காணாமல் நின்ற அதே ஓக்லஹோமாவை ஸ்னைடரின் பிள்ளைகள் 35-7 என்று வீழ்த்தினார்கள். 1934-க்குப் பிறகு அந்த அணிக்கு அதுதான் முதல் கூட்டமைப்புப் பட்டம். உதவியாளர் எதிரியாவார் என்று பயந்து மந்தமான ஆட்களைச் சேர்க்கிறவர், அந்தப் பயத்தாலேயே தோற்பார்.

11. எல்லாவற்றையும் பின்பற்றாதீர்கள்.
ஸ்னைடர் நாளுக்கு ஒரே வேளை, அதுவும் இரவு வெகுநேரம் கழித்துத்தான் சாப்பிடுவார் என்பது ஊரறிந்த செய்தி. இளைஞர்கள் முதலில் காப்பியடிப்பதும் இதைத்தான், ஏனென்றால் அது வெளியே தெரிகிறது. பட்டினி எந்த ஆட்டத்தையும் வென்று தந்ததில்லை. காப்பியடிக்கத்தான் வேண்டும் என்றால், எதிரணி ஆட்டக்காரர்களுக்குக்கூட ஊதா மையில் தன் கைப்பட அவர் எழுதிய பாராட்டுக் கடிதங்களைக் காப்பியடியுங்கள்.

12. முதல் சீசன் ஒருமுறைதான் வரும் என்று நினைக்காதீர்கள்.
2005-இல் ஸ்னைடர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவரின் மூன்று சீசன்களில் 17 வெற்றி, 20 தோல்வி. 2009 சீசனுக்கு, எழுபதை நெருங்கிய வயதில், ஸ்னைடரையே அதே நாற்காலிக்கு அழைத்தார்கள். அரங்கின் மேல் தன் பெயர் இருக்க, மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். அந்த ஆண்டு 6 வெற்றி, 6 தோல்வி. 2012-இல் 11 வெற்றியும் கூட்டமைப்புப் பட்டத்தில் பங்கும். புகழ் இருந்தும் அவர் அடித்தளத்தைத் தாண்டிக் குதிக்கவில்லை. எந்த வயதில் எந்த அணி கிடைத்தாலும், முதல் வாரம் நேரத்துக்கு வருவதிலிருந்தே தொடங்குங்கள். வெற்றி எண்ணிக்கைக்கு யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு இதே பிள்ளைகள் விலகாமல் உங்களோடு திரும்பி வந்தால், உங்கள் முதல் சீசன் தேறிவிட்டது.