மறைக்கும் வண்ணம்



ராணுவ லாரியில் பச்சையும் காக்கியுமாகத் திட்டுத் திட்டாகப் பூசியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு உருமறைப்பு என்று பெயர். சுற்றியுள்ள நிறத்தைப் பூசினால் மறைந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் நிறம் ஒத்துப்போனாலும், ஓரக்கோடு தெரிந்தால் கண் கண்டுபிடித்துவிடும். ஓரத்தை உடைக்கணும்!

உருவத்தை மாற்றுவதும் ஒரு வழி. 1914 செப்டம்பர் 22-ல் சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி வைத்துக்கொண்டு, அக்டோபர் 28-ல் பினாங்கு துறைமுகத்தில் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

1917-ல் நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர், கடலில் கப்பலை மறைக்க முடியாவிட்டாலும் அது எந்தப் பக்கம் போகிறது என்று எதிரியைக் குழப்பலாம் என்றார். லண்டன் ராயல் அகாடமியில் சின்ன மரக்கப்பல் பொம்மைகளுக்குக் கோணல்மாணலாக வண்ணம் பூசி, பெரிஸ்கோப் வழியாகப் பார்த்துச் சோதித்தார்கள். பிறகே நிஜக் கப்பலுக்குப் பூசினார்கள். அங்கே வேலை செய்தவர்களில் பலர் ஓவியம் படித்த பெண்கள். வண்டி பொம்மை எல்லாம் பையன்களுக்குத்தான்னு சொல்றவங்க கவனிக்க!

செய்முறை:

1. உடைந்த பிளாஸ்டிக் காரில் ஸ்கெட்ச் பேனா மூடி, பாட்டில் மூடி, காலி ரீஃபில் ஒட்டி வேற்றுக்கிரக வண்டியாக மாற்றுங்கள்.

2. உப்புத்தாளால் தேயுங்கள். இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்து வந்துடும்.

3. முழுவதும் மண் நிறம் பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் பச்சை, கரும்பழுப்புத் திட்டுகள். திட்டு கதவோடு நிற்கக் கூடாது. கதவைத் தாண்டிக் கூரைவரை ஓடணும். அப்பதான் ஓரம் உடையும்.

4. பொடிப் புள்ளிகள் வேண்டாம். தள்ளி நின்று பார்த்தால் கலந்து ஒரே நிறமாகிவிடும். நாலைந்து பெரிய திட்டு போதும்.

5. மேல்பக்கம் கருமையாகவும் அடிப்பக்கம் வெளிராகவும் இருக்கட்டும். வெயில் மேலே வெளுப்பாக்கும், நிழல் அடியில் கருப்பாக்கும், இரண்டும் சமமாகிவிடும். காவிரிக் கெண்டையின் முதுகையும் வயிற்றையும் பாருங்கள், புரியும்.

சோதனை: வண்டியைக் கரும்புச் சோகைமேல் வைத்து, பத்தடி தள்ளி நின்று தோழியைத் தேடச் சொல்லுங்கள். அதையே வகுப்பறை வெள்ளைச் சுவர் முன்னால் வையுங்கள். பளிச்சென்று தெரியும்! ஓரிடத்தில் மறைக்கும் வண்ணமே இன்னோரிடத்தில் காட்டிக்கொடுக்கும். அதனால் வண்டி எங்கே நிற்கப்போகுதுன்னு முடிவு செய்த பிறகே தூரிகையைத் தொடுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி