எலியா, சுண்டெலியா?

எங்கள் சைனிக்புரியில் தோட்டமும் மரமுமாகத் தனி வீடுகள் அதிகம். ஆகவே எலித் தொல்லைக்கும் குறைவில்லை. கடையில் 'எலுகல மந்து' கேட்டு வாங்கி மூலைக்கு மூலை வைத்துவிடுகிறோம். வந்திருப்பது யார் என்று பார்ப்பதில்லை.

சுண்டெலியின் புழுக்கை அரிசிமணி அளவே. 3 முதல் 6 மில்லிமீட்டர். வால் ஏறக்குறைய உடம்பின் நீளம். வீட்டெலியின் வால் உடம்பைவிட நீளம். மரக்கிளை வழியாக மாடிக்கு வருவது இதுதான். இதன் குட்டியைச் சுண்டெலி என்று நினைப்பவர்கள் உண்டு. தலையும் பாதமும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தால் அது வீட்டெலிக் குட்டி. தோட்டத்தில் வளை தோண்டும் பெருச்சாளிக்கு வால் குட்டை. கூர்மூக்கு மூஞ்சூறு எலி இனமே அல்ல. கரப்பான் பூச்சியைத் தின்னும். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

வீட்டெலி புதுப்பொருளைக் கண்டால் சில நாள் நெருங்காது. பொறியை இயக்காமல், தேங்காய்ச் சில்லோடு நான்கைந்து நாள் வைத்துப் பழக்க வேண்டும். சுண்டெலி அன்றே வந்து மோந்து பார்க்கும். ஆனால் கூட்டை விட்டு அதிக தூரம் போகாது. எனவே சுவரை ஒட்டி ஆறடிக்கு ஒன்றாகப் பல பொறிகள் வேண்டும். தாமதம் கூடாது, மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டிகள் போட்டுவிடும்.

ரயில்வேயில் எதையும் கேஜ் வைத்துப் பார்த்தே பழகியவன் நான். வீட்டுக்கு என் கேஜ் ஒரு பென்சில். அது நுழையும் சந்தில் சுண்டெலியும் நுழையும். கேஸ் குழாய், ஏ.சி. குழாய், சிங்க் அடியில் உள்ள ஓட்டை, கதவின் கீழ் இடைவெளி எல்லாவற்றையும் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் கடிக்க முடியாது. இதைச் செய்யாமல் எத்தனை எலி பிடித்தாலும் வீண்.

விஷம் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் ஏ.சி. போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். துத்தநாக பாஸ்பைடு ஈரம் பட்டால் நச்சு வாயுவை வெளிவிடும். மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு மாற்று மருந்தே கிடையாது. அதைத் தின்ற குழந்தை முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். பிறகு ஈரல் கெடும். குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே மருந்தின் அட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புழுக்கையை உலர்வாகப் பெருக்காதீர்கள், தூசி மூச்சில் போகும். பிளீச்சிங் கரைசல் தெளித்து, ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள்.