உயர் குருதியமுக்கம்: அறிதலும் ஆளுதலும்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, பழைய நினைவுகளை எழுதுவதா, பயின்ற தொழிலைப் பற்றி எழுதுவதா எனச் சிறிது தயங்கினோம். இரண்டும் ஒன்றாய் வந்து கூடிய ஒரு நிகழ்ச்சி நெஞ்சில் எழுந்தது. அதனையே முதலிற் கூறிப் பொருளுக்குட் புகுகின்றோம்.

எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற நண்பர் ஒருவர் உளர். சொற்போர் மேடையிலே கல்லூரிக்குப் பல வெற்றிகளைத் தேடித் தந்தவர். அவர் தமது ஐம்பத்திரண்டாம் வயதில் ஒருநாள் எம் இல்லத்திற்கு வந்திருந்தார். பேச்சினிடையே, விளையாட்டாக அவர் கையிற் பட்டியைச் சுற்றி அளந்தோம். 178/106 எனக் காட்டியது. பின்னர் இருமுறை வேறு நாட்களில் அளந்தபோதும் அளவு குறையவில்லை. மருந்து தொடங்கினோம். மூன்று திங்களில் 132/84 ஆயிற்று. மகிழ்ச்சி மிகுதியால், “இனிப் பயமில்லை” என்றோம். நோய் தீர்ந்தது என்று அவர் அதற்குப் பொருள் கொண்டார். மாத்திரையை நிறுத்தினார். எம்மிடம் அவர் சொல்லவில்லை; யாமும் கேட்கவில்லை. பதினான்கு திங்கள் கழிந்தபின் ஒரு விடியற்காலையிற் பாரிசவாதம் அவரை வீழ்த்தியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. சொல் வளம் மிக்க அந்நாவும் அடங்கிற்று.

பிழை அவருடையது மட்டுமன்று. “பயமில்லை” என்றதனோடு, “மாத்திரையை விடற்க” என்றும் யாம் கூறியிருத்தல் வேண்டும். அன்று சொல்லாது விட்டதை இன்று எல்லா நண்பர்க்கும் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

குருதியமுக்கம் என்பது யாது?

இதயம் ஒரு நிமிடத்திற்கு ஏறக்குறைய 70 முறை துடித்து, ஐந்து இலீற்றர் அளவான குருதியை நாடிகளினூடே செலுத்துகின்றது. ஓடும் குருதி நாடிகளின் சுவரை உந்தும் விசையே குருதியமுக்கம். இதயம் சுருங்கும்போது அது உச்சத்தை அடையும். இதனைச் சுருங்கல் அமுக்கம் என்பர். இதயம் தளர்ந்து நிரம்பும்போது தாழ்ந்து நிற்பது தளர்வு அமுக்கம். மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணுமாக வைத்தியர் எழுதுவன இவையே. அலகு, மில்லிமீற்றர் இரசம்.

தோட்டத்திற்கு நீர் இறைப்பவர் இதனை எளிதில் உணர்வர். இயந்திரம் மிகுதியான நீரைத் தள்ளினாலும் குழாயில் விசை ஏறும். குழாயின் வாய் ஒடுங்கினாலும் ஏறும். உடலிலும் அவ்வாறே. உப்பு மிகுந்தால் உடலில் நீர் தங்கிக் குருதியின் கனவளவு கூடும். சிறு நாடிகள் இறுகினால் தடை கூடும். இவ்விரண்டையும் இடையறாது சரிசெய்து நிற்பவை சிறுநீரகங்கள். அவற்றின் ஆற்றல் பிறழும்போது அமுக்கம் நிலையாக உயர்கின்றது. பெரும்பாலானோரிடம் இதற்குத் தனியொரு காரணத்தைச் சுட்ட இயலாது. குடிவழி, முதுமை, உடற்பருமன், உப்பு, மது, உடலுழைப்பின்மை ஆகியன கூடி விளைப்பது. சிலரிடம் சிறுநீரக நோயோ, சுரப்பிகளின் கோளாறோ காரணமாகும். மூட்டுவலிக்கு நெடுநாள் உண்ணும் வலிமாத்திரைகள் சிலவும் அமுக்கத்தை உயர்த்தும். இருமலுக்கு நாம் சுவைக்கும் அதிமதுரமும், அளவுக்கு மிஞ்சி நாட்பட உண்டால், அவ்வாறு செய்யும் என்பதைப் பலர் அறியார்.

அளவையின் வரலாறு

குருதியமுக்கத்தை முதன்முதல் அளந்து உலகிற்கு உரைத்தவர் வைத்தியரல்லர். ஸ்தீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். குதிரையொன்றின் தொடை நாடியில் நெடுங் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது குருதி எட்டடி மூன்று அங்குலம் மேலேறியதை 1733இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதினார். மனிதர்க்கு இம்முறை ஆகாதன்றோ! 1896இல் இத்தாலியரான றிவா றொச்சி, கையைச் சுற்றிக் கட்டிக் காற்றூட்டும் பட்டியை அமைத்தார். 1905இல் உருசிய அறுவை வைத்தியர் கொறொற்கோவ், பட்டியைத் தளர்த்தும்போது நாடியில் எழும் ஓசையைக் கேட்டு இரு எண்களையும் அறியும் வழியைக் காட்டினார். இன்று மின்கருவிகள் பெருகிவிட்ட போதிலும் அடிப்படை மாறவில்லை.

அளக்க அறிந்தமையால் மட்டும் ஆள அறிந்ததாகாது. அமெரிக்க அதிபர் பிராங்கிளின் றூஸ்வெல்ற்றின் அமுக்கம் 1944 மார்ச்சில் 186/108 ஆக இருந்தது. 1945 பெப்ரவரியில் யால்ற்றா மாநாட்டின்போது 260/150 ஆயிற்று. ஏப்பிரல் 12ஆம் நாள் மூளையிற் குருதிப்பெருக்கு ஏற்பட்டபோது 300/190. அன்றே அவர் இறந்தார். உலகப் பேரரசொன்றின் தலைவருக்கும் உப்பைக் குறைத்தல், ஓய்வு என்பவற்றுக்கு மேல் கொடுக்கத்தக்க நன்மருந்து அக்காலத்தில் இருக்கவில்லை. அவருக்குக் கிட்டாத மருந்து இன்று நம் ஊர் அரசாங்க வைத்தியசாலையில் விலையின்றிக் கிடைக்கின்றது. அதனை வாங்கி வந்து மேசை இழுப்பறையில் வைத்திருப்போரை என்னென்பது!

ஓசையற்ற நோய்

இந்நோயின் கொடுமை, அது நோவாதிருப்பதே. தலையிடி, தலைச்சுற்று, படபடப்பு இருந்தாற்றான் “பிறசர்” என்று நம்மவர் எண்ணுகின்றனர். பெரும்பாலோர்க்கு ஆண்டுக்கணக்காக யாதொரு குறியும் தோன்றாது. அதற்கிடையில் இதயத்தின் தசை தடிக்கும், மூளையின் நுண்ணாடிகள் நலியும், சிறுநீரகம் தேயும், விழித்திரை பழுதுறும். ஆதலின், நாற்பது வயதைக் கடந்தோர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் அளந்தறிதல் கடமை. பெற்றோர்க்கு இந்நோய் இருந்தால் அதற்கு முன்னரே தொடங்குக.

வைத்தியரிடத்தில் அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல், வெவ்வேறு நாட்களிலும் காணப்படின் உயர் அமுக்கம் எனப் பொதுவாகக் கொள்வர். வீட்டில் அளப்பின் எல்லை 135/85. 2017 முதல் அமெரிக்க வைத்தியர் 130/80ஐயே எல்லையாகக் கொள்கின்றனர். எவ்வாறாயினும், ஒருநாளைய ஓர் எண்ணைக் கொண்டு அஞ்சுதலும் தவறு; மகிழ்தலும் தவறு.

அளக்கும் முறையிற் பிழை மலிந்துள்ளது. அரைமணி நேரத்திற்குமுன் தேநீர், கோப்பி, புகை வேண்டா. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்களை ஒன்றன்மேல் ஒன்று போடாது நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் அமைதியாக இருத்தல் வேண்டும். கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைத்து, சட்டைக் கைக்கு மேலன்றி வெறுங்கையிற் பட்டியைக் கட்டுக. பருத்த கைக்குச் சிறிய பட்டி பொய்யுரைக்கும். அளக்கும்போது பேசற்க. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, நாளொடு குறித்து வைக்க.

உணவும் ஒழுக்கமும்

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியிலே உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றார். நம் நோய்க்கு அது முற்றும் பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் விதிக்கும் உப்பின் எல்லை நாளொன்றுக்கு ஐந்து கிராமிலும் குறைவு. அஃதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கு உட்பட்டது. ஆனையிறவு உப்பை அள்ளிப் போட்டு வளர்ந்த நாக்கு இதனைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகிய நான்கும் ஒரே இலையில் வந்துவிட்டால், சோற்றில் உப்பின்றி உண்டாலும் எல்லை கடந்துவிடும். பாணிலும் பொதிசெய்த தின்பண்டங்களிலும் மறைந்துள்ள உப்பை நாக்கு அறியாது. இலண்டனிலும் தொறன்றோவிலும் வாழும் எம் பழைய மாணவர், தகரத்தில் அடைத்த உணவின் சுட்டியைப் படித்து வாங்குவாராக. உப்பைச் சிறிது சிறிதாகக் குறைப்பின் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். தேசிப்புளியும் மிளகும் கறிவேப்பிலையும் துணைநிற்கும்.

சோடியத்திற்குப் பதிலாகப் பொற்றாசியம் ஓரளவு கலந்த உப்பைச் சீன நாட்டின் 600 கிராமங்களில் ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது. ஆயினும், சிறுநீரக நோயாளரும், பொற்றாசியத்தை உயர்த்தும் மருந்து உண்போரும் வைத்தியரைக் கேளாது அதனைத் தொடலாகாது.

முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, வாழைப்பழம், பயறு, தவிடு நீக்காத அரிசி ஆகியவை நம் முற்றத்திலும் சந்தையிலும் உள்ளன. உடல் எடை ஒரு கிலோகிராம் குறைய அமுக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் குறையும். நாள்தோறும் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், விரைந்து நடத்தல் நன்று. முன்னர் மிதிவண்டியிற் கல்லூரிக்கு வந்த நாம், இன்று கோயிலுக்கும் காரிற் செல்கின்றோம்! மதுவை ஒழித்தலும் புகையிலையைக் கைவிடுதலும் தனித்துச் சொல்ல வேண்டாதன.

மருந்தும் உறுதியும்

சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேர் பன்னெடுங் காலமாக இந்திய வைத்தியத்தில் வழங்கியது. அது குருதியமுக்கத்தைத் தாழ்த்துவதை 1949இல் பம்பாய் வைத்தியர் றுஸ்தம் வகீல் மேல்நாட்டார்க்கு எடுத்துக் காட்டினார்; 1952இல் அதிலிருந்து றிசேர்ப்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. எனினும் மனச்சோர்வு முதலிய தீங்குகள் காரணமாக இன்று அதன் வழக்கு அருகிவிட்டது. மூலிகை என்பதனால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகாது, அளவறியாது உண்ணற்க.

இன்றைய மருந்துகள் சிறுநீரைப் பெருக்கியும், நாடிகளைத் தளர்த்தியும், இதயத்தின் வேகத்தைக் குறைத்தும் தொழில் செய்வன. அம்லோடிப்பீன் சிலர்க்குக் கால்வீக்கம் தரும். எனலாப்ரில் சிலர்க்கு வறட்டிருமல் தரும். அவ்வாறாயின் வைத்தியரிடம் கூறி மாற்றுக, தாமே நிறுத்தற்க. நம் இலங்கையிலேயே நடந்த ஆய்வொன்றின் முடிவு 2018இல் வெளிவந்தது. மூன்று மருந்துகளைச் சிறிய அளவில் ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்தபோது ஆறு திங்களில் 70 வீதத்தினர் இலக்கை எய்தினர்; வழமையான முறையில் 55 வீதத்தினரே எய்தினர். சுருங்கல் அமுக்கம் 10 மில்லிமீற்றர் குறையின் பாரிசவாதம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட உண்மை.

ஒன்றை அழுத்திக் கூறுகின்றோம். மாத்திரை உண்டபின் அளவு சரியாயிற்று என்றால், மாத்திரை வேலை செய்கின்றது என்பதே பொருள்; நோய் போயிற்று என்பதன்று. குடை பிடித்தவன் நனையவில்லை என்பதால் மழை நின்றதாகுமா? எடையும் உப்பும் குறைந்து சிலர்க்கு மருந்தின் அளவு குறையலாம். அதனைக் குறைப்பவர் வைத்தியராதல் வேண்டும்.

அளவு 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்றேனும் தோன்றின், ஒரு நொடியும் தாழாது வைத்தியசாலைக்குச் செல்க. வாய் கோணலும் பேச்சுக் குழறலும் அமுக்கத்தை அளக்கவும் காத்திரா. குறி யாதுமின்றி எண் மட்டும் உயர்ந்திருப்பின், சிறிது ஓய்ந்து மீண்டும் அளந்து, அன்றே வைத்தியரை நாடுக. தாமாக மேலதிக மாத்திரை விழுங்கற்க.

நிற்க. எம் நண்பர் இன்றும் நம்மிடையே உளர். பயிற்சியால் ஊன்றுகோலோடு நடக்கின்றார். சில சொற்கள் மீண்டுள்ளன. மாத்திரையை இப்போது ஒருநாளும் தவறவிடார். இவற்றை எழுதலாமா என வினவினோம். நெடுநேரம் முயன்று, “எழுது” என்றார். விழாவிற்கு அவர் வருவார். முன் வரிசையில் இருப்பார். அவரைக் காணும் நண்பர்கள் கைகுலுக்கிவிட்டு, வீடு சென்று, தத்தம் குருதியமுக்கத்தை அளப்பார்களாக. அவர் இவ்வாண்டு ஆற்றும் சொற்பொழிவு அதுவேயாகும்.