"டி" கிரேடு என்றால் டிஸ்டிங்ஷனா?

சென்ற மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் லட்டு டப்பாவுடன் வந்தான். "சார், சி.சி.சி. பாஸ்! டி கிரேடு, டிஸ்டிங்ஷன்!" என்றான். வேலைக்கான விண்ணப்பத்திலும் அப்படியே நிரப்பி வைத்திருந்தான். நல்ல வேளை, அனுப்பவில்லை. லட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் உண்மையைச் சொன்னேன்.

சி.சி.சி. என்பது கோர்ஸ் ஆன் கம்ப்யூட்டர் கான்செப்ட்ஸ். முன்பு டோயக் என்ற பெயரில் இருந்து, 2011-ல் நைலிட் எனப் பெயர் மாறிய மத்திய அரசு நிறுவனம் இதனை நடத்துகிறது. தேர்வில் 100 கேள்விகள், 90 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு ஒரு மதிப்பெண். 85-ம் அதற்கு மேலும் எடுத்தால் எஸ் கிரேடு, இதுதான் உச்சம். 75 முதல் 84 வரை ஏ, 65 முதல் 74 வரை பி, 55 முதல் 64 வரை சி. 50 முதல் 54 வரை எடுத்தவருக்கே டி. அதற்குக் கீழே எப், அதாவது பெயில். ஆக, டி என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. எஸ் கிரேடு வாங்கியவர்கள் சிலர் அதனை "செகண்ட் கிளாஸ்" என்று எண்ணி வருந்துவதும் உண்டு!

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. இதனைப் பலர் பயன்படுத்திக் கொள்வதில்லை. உங்களுக்கு 40 கேள்விகளுக்குத்தான் உறுதியாக விடை தெரியும் என வைத்துக்கொள்வோம். மீதி 60-ல், 20 சரியா தவறா வகை, 40 நான்கு விடை வகை என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாகப் பத்தும் பத்தும் கிடைக்கக்கூடும். விட்டுவிட்டால் எப், குறித்தால் சி வரைகூட வரலாம். எனவே எதையும் காலியாக விடாதீர்கள். ஒரு கேள்விக்கு 54 விநாடிதான் கிடைக்கும் என்பதால், தெரியாததில் மல்லுக்கட்டாமல் நகர்ந்துவிட்டு, கடைசியில் திரும்பி வாருங்கள்.

மாதிரித் தேர்வு எழுதிப் பார்ப்பவர்கள், கிரேடைத் தானாகக் கணக்கிட லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். பாடத்திட்டத்திலேயே அது இருப்பதால் பயிற்சியும் ஆகிவிடும். ஓர் ஓரத்தில் இரண்டு நெட்டு வரிசைகளில் சிறு பட்டியல் அமையுங்கள். முதல் வரிசையில் மேலிருந்து கீழாக 0, 50, 55, 65, 75, 85. அடுத்ததில் அவற்றுக்கு நேராக எப், டி, சி, பி, ஏ, எஸ். இனி கிரேடு வர வேண்டிய செல்லில் கர்சரை வைத்து, கண்ட்ரோல் கீயுடன் எப்2 அழுத்துங்கள். பங்ஷன் விசார்ட் திறக்கும். அதில் விலுக்அப் தேர்ந்தெடுத்து, முதல் கட்டத்தில் மதிப்பெண் உள்ள செல், இரண்டாவதில் பட்டியல், மூன்றாவதில் 2, நான்காவதில் 1 எனக் கொடுத்திடுங்கள். பட்டியலின் முகவரியில் டாலர் அடையாளம் இடுவது அவசியம். இல்லையேல் பார்முலாவைக் கீழே இழுத்து காப்பி செய்கையில் பட்டியலும் நகர்ந்து, கிரேடு எல்லாம் குழம்பிவிடும்.

இஃப் பங்ஷனை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து எழுத விரும்பினால், 85-லிருந்து கீழே இறங்கி வாருங்கள். முதலிலேயே "50-க்கு மேலா?" என்று கேட்டால், 92 எடுத்தவருக்கும் டி என்றுதான் விடை வரும். எங்கள் பையன் முதலில் அப்படித்தான் எழுதினான்.

இன்னொன்று. உத்தரப் பிரதேசத்தில் பல அரசுப் பணிகளுக்கு சி.சி.சி. கேட்கிறார்கள். தமிழக அரசின் தட்டச்சர் பணிக்குக் கேட்பது தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ். பணம் கட்டும் முன் அறிவிப்பில் எந்தச் சான்றிதழ் என்று பார்த்துவிடுங்கள். பையன் விண்ணப்பத்தில் "டிஸ்டிங்ஷன்" என்பதை அடித்துவிட்டு "டி கிரேடு" என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறான்.